ட்ரூரி லேன் அரங்கின் சாம்பல் மனிதரைப் பார்க்க எப்போது போக வேண்டும், எங்கே உட்கார வேண்டும்?

டிசம்பரில் குடும்பத்தோடு லண்டன் போகிறீர்கள். ட்ரூரி லேன் நாடக அரங்கில் ஆவி உலவுகிறது என்று கேள்விப்பட்டு, ராத்திரியில் உள்ளே விடுவார்களா, பேய் பிடிக்கும் கருவி ஏதாவது எடுத்துப் போகலாமா, 12 வயது மகளைக் கூட்டிப் போவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றானாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: காசு செலவழித்துப் போனால் அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் கதையா? பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் நேரம் தப்பு. கருவிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை நல்ல இருக்கைக்குக் கொடுங்கள்.

முதலில் நேரம். அந்த அரங்கின் பேர்போன ஆவி ராத்திரியில் வருவதே இல்லை. 'சாம்பல் மனிதர்' என்று அழைக்கப்படும் அவர், காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடுவில்தான் தென்படுவார் என்பது கதையின் அடிப்படைப் பகுதி. மூன்று முனைத் தொப்பி, பவுடர் பூசிய பொய்முடி, நீண்ட சாம்பல் நிற மேலங்கி, இடுப்பில் வாள். பழைய பெயரில் 'அப்பர் சர்க்கிள்' என்ற தளத்தில் நாலாவது வரிசை ஓரமாக உட்கார்ந்திருப்பார். எழுந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் நடைவழியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து சுவருக்குள் மறைந்துவிடுவார். யாரிடமும் பேசமாட்டார், யாரையும் சீண்டமாட்டார். கிட்டே போனால் மங்கிவிடுவார். உச்சிவேளையில் முனி நடமாடும், வெளியே போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்குப் பகல் பேய் ஒன்றும் புதிதில்லை. ஆகவே ஆவிக்காகத்தான் போகிறீர்கள் என்றால் வாங்க வேண்டியது மதியக் காட்சிக்கான சீட்டு. இன்னொன்று: அவரைப் பார்ப்பது நல்ல சகுனம். அவர் தென்பட்டால் அந்த நாடகம் ஓடும் என்பது நடிகர்களின் நம்பிக்கை. பயமுறுத்துகிற பேய் அல்ல, வசூலுக்குக் கட்டியம் கூறுகிற பேய்.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்று பிரிக்கிறேன். அந்த இடத்தில் 1663 முதல் அரங்கம் இருந்துவருகிறது என்பது உறுதி. இரண்டாம் சார்லஸ் மன்னரின் உரிமைப் பத்திரத்தோடு தாமஸ் கில்லிக்ரூ கட்டிய முதல் அரங்கம் 1672-ல் எரிந்தது. 1674-ல் திறந்த இரண்டாவது 1791-ல் இடிக்கப்பட்டது. 1794-ல் வந்த மூன்றாவது, 1809 பிப்ரவரி 24 இரவு எரிந்து சாம்பலானது. அரங்கின் உரிமையாளராக இருந்த நாடகாசிரியர் ஷெரிடன், எதிரே காபிக்கடையில் மது அருந்தியபடி தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எப்படி இப்படி உட்கார முடிகிறது என்று கேட்டவரிடம், மனுஷன் தன் வீட்டு அடுப்போரம் ஒரு கோப்பை குடிக்கக்கூடாதா என்றாராம். இப்போது நீங்கள் நுழையப்போவது நாலாவது கட்டிடம், பெஞ்சமின் டீன் வயாட் வடிவமைத்து 1812 அக்டோபர் 10-ல் திறந்தது. இதில்தான் முக்கியமான முடிச்சு இருக்கிறது. வெளிச்சுவர், நுழைவுக் கூடம், வட்டக்கூடம், பெரிய படிக்கட்டுகள் ஆகியவைதான் 1812-ஐச் சேர்ந்தவை. பார்வையாளர் உட்காரும் உள்பகுதி முழுக்க 1922-ல் புதிதாகக் கட்டப்பட்டது. 2021-ல் முடிந்த, 6 கோடி பவுண்டு செலவான புதுப்பிப்பில் இருக்கை வரிசைகள் மறுபடியும் மாற்றி அமைக்கப்பட்டன.

இப்போது கதையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். மூன்று முனைத் தொப்பி 18-ஆம் நூற்றாண்டு உடுப்பு. அந்தத் தொப்பிக்காரர் உயிரோடு இருந்தபோது இந்தக் கட்டிடமே கிடையாது. அவர் நடப்பதோ 1922-ல் போட்ட தளத்தில், அந்தத் தளத்தின் நடைவழியில், படி தடுக்காமல். யார்க் நகரத்தில் ஒரு பழைய மாளிகையின் நிலவறையில் 1953-ல் ரோமானியப் படைவீரர்களைக் கண்டதாக ஒரு குழாய் வேலைப் பையன் சொன்னது இங்கிலாந்தில் பிரபலம். அந்த வீரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் நடந்தது தரைக்கு அடியில் புதைந்த பழைய சாலையில். பேயுலக நியாயப்படி அதுதான் ஒழுங்கு. சாம்பல் மனிதர் மட்டும் புதுத்தளத்துக்குத் தகுந்தபடி உயரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். சுவர் பழையதுதானே, அவர் சுவருக்குள்தானே மறைகிறார் என்று நம்புகிறவர்கள் பதில் சொல்வார்கள். அதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆனால் அந்தச் சுவரும் 1812-ஐவிடப் பழையது இல்லை.

அவருடைய பூர்வீகமாகச் சொல்லப்படுவது ஒரு எலும்புக்கூடு. 19-ஆம் நூற்றாண்டில் பழுதுபார்ப்பு வேலையின்போது அந்தச் சுவருக்குப் பின்னால் அடைபட்ட ஒரு சிறிய அறையில், விலா எலும்பில் கத்தி செருகிய நிலையில் ஒரு எலும்புக்கூடு கிடைத்ததாம். இதை நான் சந்தேகக் கணக்கில்தான் வைப்பேன். கண்டெடுத்த காலத்தை 1840கள் என்று சிலர் எழுதுகிறார்கள், 1870கள் என்று சிலர் எழுதுகிறார்கள். லண்டன் நடுவில், கத்தியோடு ஒரு பிணக்கூடு கிடைத்தால் அந்தக் காலப் பத்திரிகைகள் சும்மா விட்டிருக்காது. தேதியில் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. கதையை இன்றைய வடிவத்தில் பரப்பியவர் யார் என்பது தெளிவு. மெக்வீன் போப், அந்த அரங்கின் விளம்பர அதிகாரியாக 1930கள் முதல் 1950கள் வரை இருந்தவர். அரங்கின் வரலாற்றையும் எழுதியவர். அவர் எழுத்தில் தகவலும் கதையும் கலந்துதான் இருக்கும். ஆவி தோன்றியதால் வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் 'ஒக்லஹோமா', 'கரோசெல்', 'சவுத் பசிஃபிக்', 'தி கிங் அண்ட் ஐ' ஆகிய நான்கு இசைநாடகங்களும் 1947-க்கும் 1953-க்கும் இடையில், அதாவது அவர் விளம்பரம் பார்த்த காலத்தில், அங்கே மேடையேறியவை. நான்கும் ஏற்கெனவே நியூயார்க்கில் சக்கைப்போடு போட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொன்னார் என்று சொல்லவரவில்லை. சீட்டு விற்பது தொழிலாக உள்ளவர் வாயிலிருந்து வரும் சகுனத்தை அதற்குரிய தள்ளுபடியோடு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற ஆவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோமாளி வேடத்துக்கு இலக்கணம் வகுத்த ஜோசப் கிரிமால்டி, தவறான இடத்தில் நிற்கும் நடிகரை முதுகில் தள்ளியோ பின்னால் உதைத்தோ சரியான இடத்துக்கு நகர்த்துவாராம். அவர் 1828 ஜூன் 27-ல் இதே கட்டிடத்தில், நிற்க முடியாத உடம்போடு நாற்காலியில் உட்கார்ந்து பிரியாவிடை நிகழ்ச்சி நடத்தினார் என்பது வரலாறு; உதை மட்டும்தான் கதை. 1904-ல் இறந்த நகைச்சுவை நடிகர் டேன் லீனோ வரும்போது லாவெண்டர் வாசனை வருமாம். ஆவியாக வருவதாகச் சொல்லப்படும் இன்னொரு நடிகர் சார்லஸ் மெக்லின் நிஜமாகவே ஒருவரைக் கொன்றவர்: 1735-ல் ஒரு பொய்முடிக்காக நடந்த சண்டையில் தாமஸ் ஹாலம் என்ற சக நடிகரின் கண்ணில் கைத்தடியால் குத்த, அவர் இறந்துபோனார். கொலைநோக்கம் இல்லாத மரணம் என்று தீர்ப்பாகி மெக்லின் தப்பித்து, 1797 வரை வாழ்ந்தார். நடந்த இடம் இரண்டாவது கட்டிடம். அது இடிந்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அப்படியானால் அங்கே ஏதோ கண்டதாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் புளுகுகிறார்களா? இல்லை. பழைய அரங்கம் ஒவ்வொன்றும் மனிதக் கண்ணையும் காதையும் ஏமாற்றுவதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். இருட்டில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் தெரியாது. வெளி வெளிச்சத்திலிருந்து வந்து இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அந்தச் செல்கள் பார்வையின் நடுவில் அல்ல, சுற்றுப்புறத்தில்தான் அதிகம். ஆகவே பிரகாசமான மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓரக்கண்ணில் யாராவது நடந்துபோனால், அந்த உருவம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். திரும்பி நேராகப் பார்த்தால் மங்கிவிடும், ஏனென்றால் பார்வையின் நடுப்பகுதி இருட்டில் குருடு. நடைவழியில் சத்தமில்லாமல் நடந்து பக்கவாட்டு வாசல் திரைக்குள் நுழையும் ஊழியர், சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குச் சுவரில் மறைந்தவர்தான். மதியக் காட்சியில் இது இன்னும் கூடும்: வெளியே வெயில், உள்ளே திடீர் இருட்டு. ஆள் இல்லாத வேளையில் முழு விளக்கு வெளிச்சத்தில் கண்டதாகச் சொல்லப்படும் சம்பவங்களை இந்த விளக்கம் தொடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குளிர் இன்னொன்று. மேடைக்கு மேலே காட்சித் திரைகளைத் தூக்கி வைப்பதற்கு உயரமான கூடு ஒன்று இருக்கும். அதன் காற்று குளிர்ந்து கனமாக நிற்கும். முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறோம். 2000 பேர் நிறைந்தால் 200 கிலோவாட். திரை உயர்ந்ததும் மேடைப் பக்கத்துக் குளிர்காற்று கனத்தால் கீழே வழிந்து முன்வரிசைக்காரர்களின் கணுக்காலில் படும். சூடான காற்று மேல்தளங்களுக்கு ஏறிப் பின்வாசல் வழியாக வெளியேறும்போது அங்கே கழுத்துக்குப் பின்னால் ஒரு இழுப்பு தெரியும். ஆட்கள் கலைந்தபின் மரமும் இரும்பும் வெவ்வேறு வேகத்தில் ஆறும். அதுதான் ராத்திரி முறிகிற சத்தம். மடங்கும் இருக்கைகளில் கீல் சற்று இறுகியிருந்தால், ஆள் எழுந்து பல நிமிஷம் கழித்து 'தொப்' என்று தானாக நிமிரும். வாசனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒப்பனை, முடி ஸ்ப்ரே, சுத்தம் செய்யும் திரவம், பக்கத்து இருக்கைப் பாட்டியின் செண்டு எல்லாம் ஒரே காற்றோட்டக் குழாயில் சுற்றுகின்றன.

செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியைப் பற்றியும் படித்திருப்பீர்கள். விக் டாண்டி என்ற இங்கிலாந்துப் பொறியாளர், தான் வேலைசெய்த ஆய்வகத்தில் ஒரு சாம்பல் உருவத்தை ஓரக்கண்ணில் கண்டார்; மறுநாள் இடுக்கியில் மாட்டியிருந்த தன் வாள்விளையாட்டு வாளின் தகடு தானாக அதிர்வதைப் பார்த்துத் துருவினார். புதிதாக மாட்டிய காற்றுவெளியேற்றும் விசிறி ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸில் அறைக்குள் நிலையலையை, அதாவது இடம்பெயராமல் நிற்கும் ஒலியலையை, உண்டாக்கியிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. இதை 1998-ல் வெளியிட்டார். விசிறி, அதிர்வு, மனக்கலக்கம் வரை உறுதியாகச் சொல்லலாம். அந்த அதிர்வே கண்விழியை ஆட்டி உருவத்தைக் காட்டியது என்பது ஊகம். எல்லாப் பேய்வீட்டுக்கும் இதுவே விடை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கருவிகளுக்கு வருவோம். மின்காந்தப் புலம் காட்டும் சிறிய மீட்டரை அரங்கத்துக்குள் எடுத்துப்போவது, மீன் மார்க்கெட்டில் நின்று மீன் வாசனை தேடுவது மாதிரி. விளக்கு மங்கச் செய்யும் டிம்மர்கள் மின்சார அலையை நறுக்கி நறுக்கி அனுப்புகின்றன, எல்இடி விளக்குகளின் சுற்றுகள் இரைச்சல் விடுகின்றன, நடிகர்களின் கம்பியில்லா மைக், ஊழியர்களின் வாக்கி-டாக்கி எல்லாம் ஒரே சமயத்தில் வேலைசெய்கின்றன. மீட்டர் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது, எதிரே இருக்கும் சுவரின் வெப்பத்தைக் காட்டும். அதை வைத்துக் 'குளிர்ந்த இடம்' கண்டுபிடித்தேன் என்பது தவறு. போனில் குரல் பதிவு செய்தால், அமைதியான நேரத்தில் அது தானாக ஒலியுணர்வைக் கூட்டிக்கொள்ளும். வெற்று இரைச்சல் கிசுகிசுப்பாகக் கேட்கும். இரவுப் படமுறை சில விநாடி ஒளியைச் சேர்ப்பதால், நடந்துபோகிறவர் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவார். ஃபிளாஷ் படத்தில் வட்டவட்டமாக மிதப்பவை லென்ஸுக்கு அருகில் உள்ள தூசி. இதற்கெல்லாம் மேல், காட்சி நடக்கும்போது படமோ ஒலியோ பதிவு செய்யக்கூடாது. ஊழியர் வந்து நிறுத்தச் சொல்வார், அது அவர் வேலை.

ராத்திரி உள்ளே விடுவார்களா? மாட்டார்கள். காட்சி முடிந்ததும் கட்டிடத்தைக் காலி செய்து பூட்டுவார்கள். ஆங்கில மேடை உலகில் 'பேய் விளக்கு' என்று ஒரு வழக்கம் உண்டு, பூட்டுவதற்குமுன் மேடை நடுவில் ஒரு கம்பத்தில் ஒற்றை பல்பை எரியவிடுவது. ஆவிகளுக்கு என்பார்கள். இருட்டில் முதலில் வருகிற ஊழியர் மேடை விளிம்பு தெரியாமல் வாத்தியக்காரர் குழிக்குள் விழாமல் இருக்கத்தான் அது. விளக்கில்லாத மேடை எவ்வளவு அபாயம் என்பதற்கு அதுவே சாட்சி. இணையத்தில் சிலர் காட்டுவதுபோல் மூடிக்கிடக்கும் பழைய அரங்குகளுக்குள் நுழைவது வேறு கதை: உளுத்த தரை, ஆஸ்பெஸ்டாஸ் தூள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மதியக் காட்சிக்குச் சீட்டு எடுங்கள். சனிக்கிழமை மதியம் அநேகமாக உண்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் காட்சி நாட்கள் மாறும் என்பதால் அரங்கின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள், இடைத்தரகர் தளங்கள் கூடுதல் கட்டணம் வைக்கும். தளங்கள் கீழிருந்து மேலாக ஸ்டால்ஸ், ராயல் சர்க்கிள், கிராண்ட் சர்க்கிள், பால்கனி. கதையில் வரும் 'அப்பர் சர்க்கிள்' கீழிருந்து மூன்றாவது, அதாவது இன்றைய கிராண்ட் சர்க்கிள். நடு இருக்கையைவிடப் பின்வரிசையில் ஓர இருக்கை உங்கள் நோக்கத்துக்கு நல்லது, நடைவழி பக்கத்திலேயே இருக்கும். உயரம் பயம் என்றால் பால்கனி வேண்டாம், சரிவு அதிகம். கட்டிடத்தைப் பகலில் சுற்றிக்காட்டும் ஏற்பாடும் உண்டு. ஆவிக் கதைகளை வழிகாட்டிகளே சொல்வார்கள், முன்பதிவு அவசியம். காட்சிக்கு 45 நிமிஷம் முன்பே போய் வட்டக்கூடத்தில் நில்லுங்கள். நிஜமாகவே பழசு அதுதான். ஒரு பக்கப் படிக்கட்டுக்கு 'ராஜா பக்கம்', மறுபக்கத்துக்கு 'இளவரசர் பக்கம்' என்று எழுதியிருக்கும். மூன்றாம் ஜார்ஜும் மகனும் அங்கே முட்டிக்கொண்டதால் இருவரும் சந்திக்காதபடி வழி பிரித்தார்கள் என்பது அரங்கில் வழங்கும் கதை. அதே ஜார்ஜை 1800 மே 15-ல் முந்தைய கட்டிடத்துக்குள் ஹேட்ஃபீல்ட் என்பவர் சுட்டுக் குறிதவறினார் என்பது கதையல்ல.

மகளைக் கூட்டிப் போகலாம். 12 வயதுக்கு இந்தப் பேய் ரொம்பச் சாது. நாடகத்தின் வயது வரம்பை மட்டும் பாருங்கள், ஆவியின் வயது வரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்கூட்டியே இருட்டில் கண் எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவைத்தால், அவளே சோதித்துப் பார்ப்பாள்: விளக்கு அணைந்து அரைமணி கழித்து, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓரத்தில் நடப்பவரின் சட்டை என்ன நிறம் என்று சொல்லட்டும். கேக் கதையையும் சொல்லுங்கள். சமையல்காரராக இருந்து நடிகரான ராபர்ட் பேட்லி 1794-ல் இறந்தபோது 100 பவுண்டு எழுதிவைத்தார், ஆண்டுதோறும் ஜனவரி 6 அன்று அரங்கின் நடிகர்களுக்குக் கேக்கும் மதுவும் கொடுக்க. 1795-ல் தொடங்கிய அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. கேக் நடிகர்களுக்கு மட்டும், பார்வையாளருக்குக் கிடையாது.

போவதற்குப் பக்கத்துச் சுரங்க ரயில் நிலையம் கவென்ட் கார்டன், அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. டிசம்பர் சனிக்கிழமை அங்கே லிஃப்டுக்குப் பெரிய வரிசை நிற்கும். பொறுமையில்லாமல் படிக்கட்டில் ஏறிவிடாதீர்கள். சுழல்படி, மொத்தம் 193. ஹோல்பர்ன் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடப்பது எளிது. லண்டனில் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், திரும்பும்போது கையுறை இருக்கட்டும்.